சோடியம் ஹைட்ராக்சைடு வினைகள்: உருப்போடாமல் படிப்படியாகக் கற்க ஒரு முழு வழிகாட்டி

பிளஸ் டூ வேதியியல் புத்தகத்தை எங்கே திறந்தாலும் சோடியம் ஹைட்ராக்சைடு தலைகாட்டும். தரம்பார்த்தலில் (ஒரு கரைசலின் செறிவை இன்னொன்றால் அளப்பதில்) இருக்கும், உப்புப் பகுப்பாய்வில் இருக்கும், அலுமினியத் தாதுவான பாக்சைட்டைச் சுத்தம் செய்யும் இடத்தில் இருக்கும், ஆல்டிஹைடு பாடத்திலும் வந்து நிற்கும். ஒவ்வொரு இடத்திலும் புதிதாக ஏதோ செய்வதுபோலத் தெரிவதால், மாணவர்கள் சமன்பாடுகளை ஒவ்வொன்றாக உருப்போடுகிறார்கள். தேர்வு முடிந்த மறுவாரமே எல்லாம் மறந்தும் போகிறது.

அந்தப் பாடு தேவையில்லை. நீரில் கரைந்ததும் இந்தச் சேர்மம் சோடியம் அயனியாகவும் ஹைட்ராக்சைடு அயனியாகவும் பிரிந்துவிடும். சோடியம் அயனி பெரும்பாலும் ஓரமாக நின்று வேடிக்கை பார்க்கும். வேலை முழுக்க ஹைட்ராக்சைடு அயனியுடையது. அது செய்யும் வேலைகள் நான்குதான். ஒன்று, எதிரில் உள்ளதிடமிருந்து புரோட்டானை, அதாவது ஹைட்ரஜன் அயனியைப் பிடுங்கும். இரண்டு, உலோக அயனியோடு சேர்ந்து வீழ்படிவாகும், அதாவது கரையாத திடமாகப் பிரியும். மூன்று, சில உலோகங்களில் அந்த வீழ்படிவோடு மேலும் சேர்ந்து அதைத் திரும்பக் கரைக்கும். நான்கு, எலக்ட்ரான் குறைந்த அணு எதுவோ அதைத் தேடிப் போய்த் தாக்கும். புதிதாக ஒரு வினையைப் பார்த்தால் "இது நான்கில் எது?" என்று கேளுங்கள். விளைபொருளை நீங்களே எழுதிவிடலாம். கீழே வரும் ஒவ்வொரு படியையும் இந்தக் கேள்வியோடு படியுங்கள்.

தொடுவதற்கு முன்

கடைகளில் காஸ்டிக் சோடா என்று செதில்களாகக் கிடைப்பதும், ஆய்வகத்தில் வெள்ளை வில்லைகளாக இருப்பதும் இதுவேதான். கையில் பட்டால் முதலில் வழவழப்பாக இருக்கும். தோலின் கொழுப்பையே அது சோப்பாக்கிக்கொண்டிருக்கிறது என்பதுதான் அதற்குப் பொருள். எரிச்சல் தாமதமாகத்தான் தெரியும், அதற்குள் காரம் உள்ளே இறங்கியிருக்கும். அமிலத்தைவிடக் காரம் ஆழமாகப் போகும், கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. அதனால் பாதுகாப்புக் கண்ணாடி, ரப்பர் கையுறை இரண்டும் இல்லாமல் புட்டியைத் திறக்க வேண்டாம்.

பட்டுவிட்டால் ஓடும் தண்ணீரில் குறைந்தது 15 நிமிடம் கழுவுங்கள். வினிகரோ எலுமிச்சையோ ஊற்றி "நடுநிலையாக்கப்" பார்க்காதீர்கள், அந்த வினையின் வெப்பம் புண்ணை மோசமாக்கும். கண்ணில் தெறித்தால் இமையை விரித்துப் பிடித்துக் கழுவிக்கொண்டே மருத்துவரிடம் போக ஏற்பாடு செய்யுங்கள். யாராவது விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. வீட்டில் இதைத் தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைக்கும் பழக்கம் இருந்தால் இன்றே நிறுத்துங்கள். குழந்தைகளின் உணவுக்குழாய் வெந்துபோகும் விபத்துகளுக்கு அந்தப் பாட்டில்தான் காரணமாகிறது.

முதல் படி: கரைசல் தயாரிப்பது

ஒரு மோல், அதாவது 40 கிராம் சோடியம் ஹைட்ராக்சைடு தண்ணீரில் கரையும்போது சுமார் 44 கிலோஜூல் வெப்பம் வெளிவரும். இதை வைத்து ஒரு சின்னக் கணக்குப் போடலாம். 40 கிராமை 1 லிட்டர் தண்ணீரில் கரைத்தால் வெப்பநிலை 10 டிகிரி போல உயரும், பரவாயில்லை. அதே 40 கிராமை 100 மில்லியில் போட்டால் கரைசல் கொதிநிலையை நெருங்கிவிடும். தண்ணீரில் வில்லைகளைப் போட வேண்டும், வில்லைகள் மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது என்று சொல்வது இதனால்தான். குறைவான தண்ணீர் முதலில் பட்ட இடத்திலேயே கொதித்துக் காரத்தோடு தெறிக்கும்.

லிட்டருக்கு 40 கிராம் சோடியம் ஹைட்ராக்சைடு இருந்தால் அது 1 நார்மல் செறிவு. 0.1 நார்மல் கரைசல் 250 மில்லி வேண்டுமானால் 1 கிராம் போதும். பீக்கரில் 100 மில்லி காய்ச்சி வடித்த நீர் எடுத்து, வில்லைகளைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுக் கலக்குங்கள். ஆறிய பிறகு அளவுக் குடுவைக்கு மாற்றிக் குறி வரை நிரப்புங்கள். சூடாக இருக்கும்போதே நிரப்பினால் ஆறியதும் கன அளவு குறைந்துவிடும்.

கரைசலைப் பாலித்தீன் புட்டியில் வையுங்கள். கண்ணாடியில் உள்ள சிலிக்காவை ஹைட்ராக்சைடு மெதுவாகத் தாக்கிச் சோடியம் சிலிகேட்டாக்கும் (நான்காவது வேலை). கண்ணாடி மூடி போட்டால் அந்தச் சிலிகேட்டே பசையாகி மூடியை ஒட்ட வைத்துவிடும். கண்ணாடித் திருகு உள்ள பியூரெட்டில் இந்தக் கரைசலை ஊற்றி அப்படியே விட்டுவிட்டுப் போனால் திருகு இறுகிப்போவதும் இப்படித்தான்.

இரண்டாம் படி: காற்றோடு நடக்கும் வினை

பழைய புட்டியின் கழுத்தைச் சுற்றி வெள்ளையாக ஒரு பொருக்கு படிந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது சோடியம் கார்பனேட். திறந்து வைத்த வில்லை முதலில் காற்றின் ஈரத்தைக் கவர்ந்து பளபளவென்று நனையும். அப்புறம் அந்த ஈரத்தில் கார்பன் டை ஆக்சைடு கரைய, வினை தொடங்கும்.

2 சோடியம் ஹைட்ராக்சைடு + கார்பன் டை ஆக்சைடு → சோடியம் கார்பனேட் + நீர்

இதில் இரண்டு வேலைகள் அடுத்தடுத்து நடக்கின்றன. கார்பன் டை ஆக்சைடில் இரண்டு ஆக்சிஜன்களுக்கு நடுவே எலக்ட்ரான் இழந்து நிற்கும் கார்பனை ஹைட்ராக்சைடு தாக்கிப் பைகார்பனேட் ஆக்கும். அடுத்த ஹைட்ராக்சைடு அந்தப் பைகார்பனேட்டிலிருந்து புரோட்டானைப் பிடுங்கும். காரம் தீர்ந்த பிறகும் வாயுவைச் செலுத்தினால் கார்பனேட் திரும்பவும் பைகார்பனேட்டாகும். "அதிக அளவு கார்பன் டை ஆக்சைடு" என்று கேள்வியில் வந்தால் விடை மாறுவது இதனால்.

மூன்றாம் படி: அமிலத்தோடு, தரம்பார்த்தல்

சோடியம் ஹைட்ராக்சைடு + ஹைட்ரோகுளோரிக் அமிலம் → சோடியம் குளோரைடு + நீர்

சோடியத்தையும் குளோரைடையும் எடுத்துவிட்டால் மிஞ்சுவது ஒன்றே: ஹைட்ரஜன் அயனியும் ஹைட்ராக்சைடும் சேர்ந்து தண்ணீராகின்றன. வலிமையான அமிலம் எதை எடுத்தாலும் மோலுக்கு ஏறத்தாழ 57.3 கிலோஜூல் வெப்பமே வருவதற்கு இதுதான் காரணம்.

சோடியம் ஹைட்ராக்சைடை எடைபோட்டுச் சரியான செறிவில் கரைசல் செய்துவிட முடியாது. தராசில் வைத்த நேரத்துக்குள் ஈரமும் கார்பன் டை ஆக்சைடும் ஏறியிருக்கும். ஆகவே எடையில் நம்பகமான ஒன்றை வைத்துத்தான் இதன் செறிவைக் கண்டுபிடிக்க வேண்டும். பள்ளி ஆய்வகத்தில் அது படிக ஆக்சாலிக் அமிலம். அதன் சமான எடை (1 லிட்டர் 1 நார்மல் கரைசலுக்கு வேண்டிய கிராம்) 63. எனவே 250 மில்லி 0.1 நார்மல் கரைசலுக்கு 1.575 கிராம் துல்லியமாக எடைபோட்டுக் கரையுங்கள்.

பியூரெட்டை முதலில் ஆக்சாலிக் அமிலக் கரைசலாலேயே அலசி, பிறகு நிரப்புங்கள். முனையில் காற்றுக் குமிழ் நிற்கிறதா என்று பாருங்கள். பிப்பெட்டால் 20 மில்லி காரக் கரைசலைக் கூம்புக் குடுவையில் எடுத்து 2 துளி பினாப்தலீன் நிறங்காட்டி விட்டால் அடர்ந்த இளஞ்சிவப்பு வரும். காரத்தை வாயால் உறிஞ்ச வேண்டாம், ரப்பர் பல்பு வைத்தே எடுங்கள். குடுவையைச் சுழற்றியபடி அமிலத்தை விடுங்கள். முடிவுநிலைக்குப் பக்கத்தில், விழும் துளியைச் சுற்றி நிறம் மறைந்து மறைந்து வரும். அங்கிருந்து துளித்துளியாக விட்டு, ஒரே துளியில் நிறம் முழுதும் போகும் இடத்தில் நிறுத்துங்கள். ஒத்த அளவீடு வரும்வரை திரும்பச் செய்யுங்கள்.

உதாரணத்துக்கு 19.2 மில்லி செலவானது என்று வைத்துக்கொள்வோம். 20 × காரத்தின் நார்மாலிட்டி = 19.2 × 0.1. ஆக 0.096 நார்மல். லிட்டருக்கு 0.096 × 40 = 3.84 கிராம், 250 மில்லியில் 0.96 கிராம்.

இங்கே மெத்தில் ஆரஞ்சு என்ற இன்னொரு நிறங்காட்டி ஏன் கூடாது? ஆக்சாலிக் அமிலம் வலிமை குறைந்தது. வினை முடியும் இடத்தில் உள்ள சோடியம் ஆக்சலேட் கரைசல் லேசான காரத்தன்மையோடு இருக்கும். பினாப்தலீன் நிறம் மாறுவது சுமார் 8.2 முதல் 10 வரையான பி.எச் எல்லையில், அதனால் அது பொருந்துகிறது. மெத்தில் ஆரஞ்சு அமிலப் பக்கத்தில் மாறும், அங்கே விடை தப்பும். இன்னொன்று, கரைசல் பழையதாகிக் கார்பனேட் சேர்ந்திருந்தால் பினாப்தலீன் அந்தக் கார்பனேட்டைப் பைகார்பனேட் வரைதான் காட்டும். கார்பன் டை ஆக்சைடு விழுங்கிய காரத்தில் பாதி கணக்கில் வராமலே போகும். அன்றன்றைக்குப் புதிதாகச் செறிவு பார்ப்பது இதனால்தான்.

நான்காம் படி: உலோக அயனிகளோடு

என்னைக் கேட்டால், இந்தச் சேர்மத்தைப் புரிந்துகொள்ளச் சோதனைக்குழாயைவிட நல்ல ஆசிரியர் இல்லை. ஒரு சில உப்புகள், நீர்த்த சோடியம் ஹைட்ராக்சைடு, ஒரு துளிக்குழாய். இவை போதும்.

ஒரே விதிமுறை: துளித்துளியாகச் சேர்க்க வேண்டும். அலுமினியம் உப்பில் காரத்தை ஒரேயடியாகக் கொட்டினால் வீழ்படிவு வந்த வேகத்திலேயே கரைந்து, தெளிந்த கரைசல்தான் கண்ணில் படும். "வீழ்படிவு இல்லை" என்று எழுதிவிட்டு வருபவர்கள் பெரும்பாலும் இங்கேதான் சறுக்குகிறார்கள்.

தாமிர சல்பேட்டில் தொடங்குங்கள். முதல் துளியிலேயே வெளிர்நீலக் கூழ் போல ஒன்று திரண்டு நிற்கும், அது தாமிர ஹைட்ராக்சைடு. அதை அப்படியே மெல்லச் சூடாக்குங்கள். தண்ணீருக்குள் இருக்கும்போதே அது நீரை இழந்து கறுப்புத் தாமிர ஆக்சைடாகும். வெள்ளி நைட்ரேட்டில் இந்த நீரிழப்புக்குச் சூடே தேவையில்லை, ஹைட்ராக்சைடு நிலைக்காமல் பழுப்பு நிற வெள்ளி ஆக்சைடாகவே விழும்.

அடுத்து இரும்பு. ஃபெரிக் குளோரைடில் செம்பழுப்பு வீழ்படிவு வரும், அவ்வளவுதான். ஃபெரஸ் சல்பேட்டைத்தான் நின்று பார்க்க வேண்டும். புதிதாகக் கரைத்த ஃபெரஸ் சல்பேட்டில் அழுக்குப் பச்சையாக ஒரு வீழ்படிவு வரும். குழாயை ஆட்டாமல் தாங்கியில் வையுங்கள். சில நிமிடங்களில் காற்று படும் மேல்விளிம்பில் மட்டும் ஒரு பழுப்பு வளையம் தோன்றி, மெல்லக் கீழே இறங்கும். ஃபெரஸ் ஹைட்ராக்சைடைக் காற்றிலுள்ள ஆக்சிஜன் ஃபெரிக்காக மாற்றுவதைக் கண்ணெதிரே பார்க்கிறீர்கள். மாங்கனீசும் இதே வகை: வெள்ளையாக விழுந்து காற்றில் பழுப்பாகும். நிக்கல் பச்சையாக விழும், நிறம் மாறாது.

இனி வெள்ளை வீழ்படிவுகள். மெக்னீசியம், அலுமினியம், துத்தநாகம், காரீயம் நான்கும் வெள்ளை. இங்கேதான் மூன்றாவது வேலை கைகொடுக்கும். காரத்தை மேலும் மேலும் சேர்த்துக்கொண்டே போங்கள். மெக்னீசியம் அசையாது. மற்ற மூன்றும் கரையும். அலுமினியம் ஹைட்ராக்சைடோடு இன்னொரு ஹைட்ராக்சைடு சேர்ந்து, கரையக்கூடிய அலுமினேட் அயனி ஆகிவிடுகிறது. இதைத்தான் ஈரியல்புத் தன்மை என்கிறோம். அந்தத் தெளிந்த கரைசலில் இப்போது நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைத் துளித்துளியாக விடுங்கள். வெள்ளைக் கூழ் திரும்பி வரும். இன்னும் விட்டால் திரும்பவும் மறையும். ஒரே குழாயில் இரண்டு திசையிலும் பயணம் செய்து பார்த்தவருக்கு ஈரியல்பு என்ற சொல்லை விளக்க வேண்டியதே இல்லை.

அலுமினியமா துத்தநாகமா என்ற சந்தேகத்தைக் காஸ்டிக் சோடா தீர்க்காது. அம்மோனியாக் கரைசலை எடுங்கள். துத்தநாக ஹைட்ராக்சைடு அதிக அளவு அம்மோனியாவில் கரையும், அலுமினியம் ஹைட்ராக்சைடு கரையாது.

அம்மோனியம் உப்பு கொடுத்திருந்தால் கதை வேறு. அங்கே வீழ்வதற்கு உலோகம் இல்லை. ஹைட்ராக்சைடு முதல் வேலைக்குத் திரும்பி அம்மோனியம் அயனியின் புரோட்டானைப் பிடுங்கும். மெல்லச் சூடாக்கினால் அம்மோனியா நெடி வரும். ஈரமான சிவப்பு லிட்மஸ் தாளைக் குழாயின் வாயில் படாமல் காட்டுங்கள், நீலமாகும். தாள் கண்ணாடி விளிம்பைத் தொட்டால் அங்கே தெறித்த காரமே அதை நீலமாக்கிவிடும், அந்த விடையை நம்ப முடியாது.

ஐந்தாம் படி: அலுமினியம் உலோகமும் பாக்சைட்டும்

அலுமினியத் துண்டைக் காரத்தில் போட்டால் சிறிது நேரம் ஒன்றும் நடக்காது. மேலே உள்ள ஆக்சைடு படலம் கரையும் நேரம் அது. படலம் போனதும் நுரைத்துக்கொண்டு ஹைட்ரஜன் வரும், குழாய் சுடும்.

2 அலுமினியம் + 2 சோடியம் ஹைட்ராக்சைடு + 6 நீர் → 2 சோடியம் அலுமினேட் + 3 ஹைட்ரஜன்

54 கிராம் அலுமினியம் கரைந்தால் 3 மோல் ஹைட்ரஜன், அறை வெப்பநிலையில் 70 லிட்டருக்கு மேல். அதுவும் தீப்பற்றும் வாயு. காஸ்டிக் சோடாவை அலுமினியப் பாத்திரத்தில் கரைக்கவோ வைக்கவோ கூடாது என்பதற்கு இதைவிட வேறு விளக்கம் வேண்டியதில்லை.

இதே ஈரியல்பின் மேல்தான் அலுமினியத் தொழிலே நிற்கிறது. பாக்சைட்டை அழுத்தத்தில், சூடான அடர் காரத்தோடு சேர்த்தால் அலுமினியப் பகுதி அலுமினேட்டாகக் கரையும். இரும்பு ஆக்சைடு கரையாமல் சிவப்புச் சேறாக ஒதுங்கும். கார்ல் பேயர் 1880-களின் இறுதியில் கண்ட முறை இது. சோதனைக்குழாயில் நாம் அலுமினியம் ஹைட்ராக்சைடைக் காரத்தில் கரைத்த அதே வழி. சேர்வராயன் மலை பாக்சைட்டைக் கொண்டு மெட்ராஸ் அலுமினியம் கம்பெனி மேட்டூரில் நடத்தியதும் இந்த வினையைத்தான். அதே மேட்டூரில் காஸ்டிக் சோடா ஆலையும் உண்டு.

ஆறாம் படி: குளோரினோடு

உப்புக் கரைசலில் மின்சாரம் செலுத்தினால் சோடியம் ஹைட்ராக்சைடு, குளோரின், ஹைட்ரஜன் மூன்றும் சேர்ந்தே பிறக்கும். தூத்துக்குடி மாவட்டம் சாகுபுரத்தில் நடப்பது இது. இலங்கையில் ஆனையிறவு உப்பை நம்பிப் பரந்தனில் இருந்த இரசாயனத் தொழிற்சாலையும் இதைத்தான் செய்தது. 40 கிராம் காரத்துக்கு 35.5 கிராம் குளோரின் வரும். இரண்டையும் சந்திக்க விட்டால் என்ன ஆகும்?

குளிர்ந்த நீர்த்த காரத்தில்: 2 சோடியம் ஹைட்ராக்சைடு + குளோரின் → சோடியம் குளோரைடு + சோடியம் ஹைப்போகுளோரைட் + நீர்

சூடான அடர் காரத்தில்: 6 சோடியம் ஹைட்ராக்சைடு + 3 குளோரின் → 5 சோடியம் குளோரைடு + சோடியம் குளோரேட் + 3 நீர்

ஹைட்ராக்சைடு குளோரின் அணு ஒன்றைத் தாக்க, மற்ற அணு குளோரைடாக வெளியேறுகிறது. சூட்டில் ஹைப்போகுளோரைட் நிலைக்காமல் குளோரேட் வரை போய்விடும். மின்பகுப்புக் கலத்தின் நடுவில் மெம்பரேன் என்ற சவ்வை வைத்துத் தடுப்பது இந்தச் சந்திப்பைத்தான். முதல் வினையின் விளைபொருள்தான் வீட்டில் வாங்கும் திரவ பிளீச். அதோடு அமிலம் கலந்த கழிவறைத் திரவத்தைச் சேர்த்தால் வினை பின்னோக்கி ஓடிக் குளோரின் வாயு கிளம்பும், ஒருபோதும் சேர்க்காதீர்கள்.

ஏழாம் படி: கரிமச் சேர்மங்களோடு

இங்கே கேள்வி எப்போதும் ஒன்றுதான்: ஹைட்ராக்சைடு கார்பனைத் தாக்குமா, புரோட்டானைப் பிடுங்குமா? புரோமோ ஈத்தேனை நீர்த்த காரத்தோடு சூடாக்கினால் கார்பனைத் தாக்கி எத்தனால் தரும். ஆல்கஹாலில் கரைத்த காரம் என்றால் புரோட்டானைப் பிடுங்குவது கூடி, ஈத்தீன் வரும். ஃபீனாலின் புரோட்டான் எளிதில் வருவதால் அது காரத்தில் கரைந்து சோடியம் ஃபீனாக்சைடாகும். எத்தனால் அப்படி வினைபுரிவதில்லை என்றே எடுத்துக்கொள்ளலாம்.

ஆல்டிஹைடிலும் இதே கேள்வி. அசிட்டால்டிஹைடில் கார்போனைலுக்கு (ஆக்சிஜனோடு இரட்டைப் பிணைப்பில் உள்ள கார்பனுக்கு) அடுத்த கார்பனில் ஹைட்ரஜன் இருக்கிறது. அதை நீர்த்த காரம் பிடுங்கும், இரண்டு மூலக்கூறுகள் இணையும் ஆல்டால் குறுக்கம் நடக்கும். பென்சால்டிஹைடில் பிடுங்க ஒன்றும் இல்லை. ஆகவே அடர் காரம் கார்போனைல் கார்பனையே தாக்கும். ஒரு மூலக்கூறு சோடியம் பென்சோயேட் ஆகும், மற்றொன்று பென்சைல் ஆல்கஹால் ஆகும். 1853-இல் இதைக் கண்ட இத்தாலியரின் பெயரால் கானிசரோ வினை என்கிறோம்.

எட்டாம் படி: சோப்பு

எண்ணெய் என்பது கிளிசராலும் மூன்று கொழுப்பு அமிலங்களும் சேர்ந்த எஸ்டர். எஸ்டரின் கார்பனை ஹைட்ராக்சைடு தாக்கினால்:

எண்ணெய் + 3 சோடியம் ஹைட்ராக்சைடு → கிளிசரால் + 3 சோப்பு

எவ்வளவு காரம் என்பது எண்ணெயைப் பொறுத்தது. 1 கிராம் தேங்காய் எண்ணெய்க்குச் சுமார் 0.183 கிராம், நல்லெண்ணெய்க்கு 0.134, விளக்கெண்ணெய்க்கு 0.128. தேங்காய் எண்ணெயில் 12 கார்பன் உள்ள லாரிக் அமிலம் மிகுதி. சங்கிலி குட்டை என்பதால் ஒரு கிராமில் மூலக்கூறுகள் அதிகம், காரமும் அதிகம் பிடிக்கும். ஆக ஒரு எண்ணெய்க்குப் பதில் இன்னொன்றை மாற்றும்போது கணக்கையும் மாற்றியே ஆக வேண்டும்.

500 கிராம் தேங்காய் எண்ணெய்க்கு 91.5 கிராம் வரும். தோலுக்குப் பாதுகாப்பாக 10 சதவீதம் குறைத்து 82 கிராம் எடுங்கள். கரண்டி அளவு வேண்டாம், தராசில்தான் நிறுக்க வேண்டும். காற்றோட்டமான இடத்தில், எவர்சில்வர் பாத்திரத்தில் 170 கிராம் தண்ணீர் எடுத்து அதில் காரத்தைச் சிறிது சிறிதாகக் கரைத்து 40 டிகிரி வரை ஆற விடுங்கள். எண்ணெயையும் அதே சூட்டுக்குக் கொண்டுவந்து, காரக் கரைசலை எண்ணெயில் மெல்ல ஊற்றிக் கலக்குங்கள். கரண்டியிலிருந்து ஒழுகும் கோடு மேலே மறையாமல் நின்றால் பதம் வந்துவிட்டது. அச்சில் ஊற்றுங்கள். ஒரு நாளில் இறுகும், தேங்காய் எண்ணெய்ச் சோப்பு சீக்கிரம் கெட்டியாகிவிடும் என்பதால் தாமதிக்காமல் கையுறையோடு வெட்டி, 4 முதல் 6 வாரம் காற்றாட அடுக்கி வையுங்கள்.

பயன்படுத்துவதற்கு முன் ஒரு கட்டியை நடுவில் வெட்டி, வெட்டிய முகத்தில் ஒரு துளி பினாப்தலீன் விடுங்கள். நிறமில்லாமலோ மிக வெளிறியோ இருந்தால் சரி, சோப்புக்கே லேசான காரத்தன்மை உண்டு. அடர்ந்த இளஞ்சிவப்பு வந்தால் வினைபுரியாத காரம் உள்ளே இருக்கிறது. இன்னும் இரண்டு வாரம் விட்டுத் திரும்பச் சோதியுங்கள். அப்போதும் அதே நிறம் என்றால் எடைபோட்டதில் பிழை, அந்தச் சோப்பைத் தோலில் போட வேண்டாம்.